பாட்காஸ்ட் கேட்டால் புரிகிறது, பேசத்தான் வாய் வரவில்லை: ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வருகிறது. அவினாசியில் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்துகிறீர்கள். பனியன் கம்பெனிகளில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் பையன்களும் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் பெண்களும் வருகிறார்கள். நான்கு மாதமாக எல்லோரையும் தினம் ஒரு பாட்காஸ்ட் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறீர்கள். ஒழுங்காகக் கேட்கிறார்கள், கேள்வி கொடுத்தால் சரியாகவே பதில் எழுதுகிறார்கள். ஆனால் "ஞாயித்துக்கெழம என்ன பண்ணுனீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் "நத்திங் சார்" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. உரையாடல் கற்றுத்தர எந்தப் பாட்காஸ்ட் நல்லது, பிரிட்டிஷா அமெரிக்கனா, பேச்சின் எழுத்து வடிவமான டிரான்ஸ்கிரிப்ட் கொடுக்கலாமா, எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: காதில் ஏறியது ஏன் வாய்க்கு வரவில்லை? பாட்காஸ்ட்டை மாற்றினால் அது தீராது. இப்போது கேட்பதையே வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தும் முறையை மாற்ற வேண்டும்.

நான் கோவையில் ஒரு கலைக் கல்லூரியில் பல வருடம் ஆங்கிலம் எடுத்தவன். இப்போது திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதி நிறுவனங்களில் வேலையாட்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கீழே சொல்வதில் கொஞ்சம் ஆராய்ச்சியில் உறுதிப்பட்டது, கொஞ்சம் என் வகுப்பறை அனுபவம், கொஞ்சம் இன்னும் ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பது. எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை காற்றில் முளைத்ததில்லை. 1980களின் தொடக்கத்தில் ஸ்டீஃபன் கிராஷன் என்ற அமெரிக்க அறிஞர், கற்பவருக்குப் புரிகிற மொழியை, அவர் தரத்துக்கு ஒரு படி மேலே வைத்து, ஏராளமாகக் கொடுத்தால் மொழி படியும், பேச்சு அதன் விளைவாகப் பின்னால் வரும் என்றார். இதில் முதல் பாதியின் அடிப்படையை, அதாவது புரிகிற மொழி ஏராளமாக வேண்டும் என்பதை, இன்றும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். இரண்டாம் பாதியைத்தான் 1985இல் கனடா அறிஞர் மெரில் ஸ்வெய்ன் கேள்விக்கு உட்படுத்தினார். கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியில் பாடம் படிக்கும் பள்ளிகள் உண்டு. வருடக்கணக்கில் பிரெஞ்சையே கேட்டு வளர்ந்த அந்தப் பிள்ளைகள், கேட்டுப் புரிந்துகொள்வதில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்டச் சமமாக நின்றார்கள். வாயைத் திறந்தால் இலக்கணத்தில் தெளிவாகப் பின்தங்கினார்கள். வகுப்பில் அவர்கள் நீளமாகப் பேசவேண்டிய கட்டாயமே வரவில்லை என்பது ஸ்வெய்ன் சொன்ன முக்கியக் காரணம். சொல்ல வந்தது தொண்டையில் சிக்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்று ஒருவனுக்குத் தெரிகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு நான்கு மாதமாக அந்தச் சிக்கலே வரவில்லை. பஞ்சை மலையாகக் குவித்தாலும் மில் ஓடாமல் நூல் இறங்காது என்பது உங்கள் ஊருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு, இது பலர் கவனிக்காதது. 2009இல் பத்து மொழிகளில் நடந்த உண்மையான பேச்சுகளைப் பதிவுசெய்து, ஒருவர் கேள்வி முடித்ததற்கும் அடுத்தவர் பதில் தொடங்கியதற்கும் நடுவே எவ்வளவு நேரம் போகிறது என்று அளந்தார்கள். சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மில்லிநொடி. மொழிக்கு மொழி வித்தியாசம் இருந்தாலும் பெரிதாக இல்லை. தமிழ் அந்தப் பத்தில் சேரவில்லை. நம் வீட்டுத் திண்ணைப் பேச்சைக் கவனித்தாலும் இதே வேகம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லத் தொடங்கவே மனிதனுக்கு அரை நொடிக்கு மேல் ஆகிறது. அப்படியென்றால் எதிராளி பேசி முடிப்பதற்குள்ளேயே நாம் பதிலைக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். கேட்பதும் பேசத் தயாராவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது. முழு எபிசோடையும் கேட்டுவிட்டு, சாவகாசமாக ஐந்து கேள்விக்குப் பதில் எழுதும் பயிற்சியில் இதில் ஒரு துளி கூட இல்லை. அதனால் உங்கள் பிள்ளைகள் மதிப்பெண் வாங்குவதிலும் பேசாமல் நிற்பதிலும் முரண்பாடு எதுவும் கிடையாது. பழகியது வந்திருக்கிறது, பழகாதது வரவில்லை.

கொங்கு நாட்டில் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவற்றில் லாங்குவேஜ் லேப் என்று ஓர் அறை இருக்கிறது. ஆளுக்கு ஒரு தடுப்பு, ஆளுக்கு ஒரு ஹெட்ஃபோன். பக்கத்தில் இருப்பவன் முகம் தெரியாதபடி உட்காரவைத்து உரையாடல் சொல்லிக் கொடுக்கிறோம். இதை யோசித்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, என்ன செய்யலாம்? எபிசோடு முழுவதையும் வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுங்கள். ஒரு நிமிடத்தில் சுமார் 150 சொல் இருக்கும். அதில் ஏழெட்டுச் சொல்லுக்கு மேல் வகுப்புக்குப் புதுசு என்றால் அந்தத் துண்டு வேண்டாம், வேறு பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சொல் தெரிந்தால்தான் காது பொருளைவிட்டு மற்றதைக் கவனிக்கும். அந்த "மற்றது"தான் நமக்கு வேண்டும். என்ன பேசினார்கள் என்று கேட்காதீர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் என்ன செய்தார் என்று கேளுங்கள்.

ஒரு துண்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நானே கட்டியதுதான், எந்தப் பாட்காஸ்ட்டிலும் இதன் சாயலில் பத்து கிடைக்கும். ஒருவர், "ஸோ ஐ காட் தேர், அண்ட் த ஷாப் வாஸ் ஷட்" என்கிறார். மற்றவர், "ஓ நோ." "ஷட். ஆன் எ சாட்டர்டே!" "ஆன் எ சாட்டர்டே?" "ஐ நோ!" "ஸோ வாட் டிட் யூ டூ?" அவ்வளவுதான். இதில் கதை சொல்பவர் செய்ததைவிடக் கேட்பவர் செய்தது அதிகம். முதலில் வருத்தம் காட்டினார். பிறகு எதிராளி அழுத்திச் சொன்ன சொல்லையே எடுத்துக் கேள்வியாகத் திருப்பிப் போட்டார். பிறகு கதை நகர்வதற்கு ஒரு கேள்வி கேட்டார். மூன்றிலும் கடினமான ஆங்கிலம் எதுவும் இல்லை, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த சொற்கள். ஆனால் உங்கள் மெர்ச்சண்டைசர் பையனிடம் போய் "த ஷாப் வாஸ் ஷட்" என்றால் அவன் "ஓகே சார்" என்பான். சொல்லில் அவனுக்குக் குறையில்லை. அந்த இடத்தில் தன் முறை வந்துவிட்டது என்பதைத்தான் அவன் பிடிக்கவில்லை.

அந்த ஒரு நிமிடத்தை மூன்று நான்கு முறை போட்டுக் காட்டி, இந்த மூன்று வேலைகளையும் பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னபிறகு பாட்காஸ்ட்டை நிறுத்திவிடுங்கள். மீதி வகுப்பு நேரம் முழுக்க அவர்கள் பேச்சு. இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் அந்த வாரம் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்: டையிங்கில் ஷேட் மாறி வந்தது, ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்தால் வண்டி பஞ்சர், ஒறம்பரை வீட்டு நோம்பிக்குப் போன இடத்தில் மழை. மற்றவருக்குச் சொந்தக் கதை பேச அனுமதி இல்லை. அவர் வேலை அந்த மூன்று மட்டும்: உணர்ச்சி காட்டு, சொல்லைத் திருப்பிப் போடு, அடுத்ததைக் கேள். கதை இரண்டு நிமிடம் ஓடினால் கேட்டவருக்குக் கைதட்டு, சொன்னவருக்கு இல்லை. இந்த ஒரு விதி வகுப்பின் போக்கையே மாற்றும். கூச்சப்படும் பிள்ளைகள் முதலில் வாய் திறப்பது இந்தக் கேட்பவர் வேடத்தில்தான், ஏனென்றால் பெரிய வாக்கியம் எதுவும் கட்டவேண்டியதில்லை. இது என் வகுப்பறைக் கணிப்பு, ஆராய்ச்சி முடிவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேட்பவர் வேலையை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குத் தொழில் காரணமும் இருக்கிறது. நம் பக்கம் ஒருவர் பேசும்போது "செரீங்க, செரீங்க" என்று சொல்லிக்கொண்டே கேட்போம். கவனிக்கிறேன் என்பதற்கு அது அடையாளம். ஒப்புக்கொண்டேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்துக்குப் போனதும் அதையே "யெஸ், யெஸ்" என்று சொல்கிறார்கள். ஒரு நிறுவனத்தில் பையரோடு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரோடு, நடந்த வீடியோ அழைப்பில் உடன் இருந்தேன். லேப் டிப் (சாயம் போட்டு அனுப்பும் சின்ன மாதிரித் துணி) அப்ரூவல் தள்ளிப்போகிறது, ஆனால் ஷிப்மெண்ட் தேதி மாறக்கூடாது என்று அந்தப் பக்கம் விளக்கிக்கொண்டே போகிறார். நம் ஆள் வரிக்கு வரி "யெஸ், யெஸ்" என்கிறார். அழைப்பு முடிந்ததும் தேதி உறுதியானது என்று மெயில் வந்துவிட்டது. "நான் எப்பங்க ஒத்துக்கிட்டேன்?" என்று இவர் திகைக்கிறார். இதைப் பாடமாக எடுத்தால் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு மறந்துவிடுவார்கள். பாட்காஸ்ட்டில் இரண்டு பேர் பேசும்போது கேட்பவர் எத்தனை முறை "ம்ம்", "ரைட்", "ஐ ஸீ", "ரியலி?" என்கிறார், எத்தனை முறை "யெஸ்" என்கிறார் என்று எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் அவர்களே சிரிப்பார்கள். இந்த ஒரு வேலைக்குப் பாட்காஸ்ட்டைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. பாடப்புத்தக உரையாடல்களில் இந்த முனகல்கள் எதுவுமே அச்சாவதில்லை.

டிரான்ஸ்கிரிப்ட் பற்றிக் கேட்டீர்கள். கொடுங்கள், ஆனால் கடைசியில். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்து வளர்ந்தவர்கள். எழுத்தில் பார்த்தால் தெரியும் சொல், காதில் விழுந்தால் தெரியாது. மேலே சொன்ன "வாட் டிட் யூ டூ" என்பது வேகமான பேச்சில் "வாட்ஜ டூ" என்று ஒட்டி ஓடும். தமிழில் ஒவ்வொரு அசைக்கும் ஏறத்தாழ அதனதன் நேரம் கிடைக்கும். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசை நீண்டு, மற்றவை நசுங்கிப்போகும். முதலிலேயே தாளைக் கையில் கொடுத்துவிட்டால் கண் வேலை செய்துவிடும், காது சும்மா இருக்கும். மூன்று முறை கேட்டபிறகு, எந்த இடம் பிடிபடவில்லையோ அந்த இடத்துக்கு மட்டும் தாளைப் பார்த்து, உடனே அந்த வரியை மறுபடி கேட்கட்டும். இது கேட்கும் திறனை வளர்க்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவது கேட்கும் திறனைச் சோதிப்பது மட்டும்தான், வளர்ப்பது வேறு வேலை என்று கேட்டல் திறனை ஆராயும் ஜான் ஃபீல்ட் போன்றவர்கள் நெடுநாளாக எழுதிவருகிறார்கள். தாள் கிடைப்பதில் இப்போது சிரமமில்லை. ஆப்பிள் பாட்காஸ்ட் செயலியில் 2024 முதல் ஆங்கில நிகழ்ச்சிகளுக்குத் தானியங்கி எழுத்து வடிவம் வருகிறது. ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர்களுக்கு யூடியூப் கேப்ஷன் போதும், தப்பு இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓரிரு முறை சரி. பழக்கமாக வேண்டாம். அதே வேகத்தில் இன்னொரு முறை கேட்பதே மேல்.

சரளம் வரவேண்டுமென்றால் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசவைக்க வேண்டும். இதற்கு 4/3/2 என்று ஒரு பயிற்சி இருக்கிறது. நியூசிலாந்தின் மொழிக் கல்வி ஆராய்ச்சியாளர் பால் நேஷன் இதை ஆராய்ந்து 1989இல் எழுதினார். ஒருவர் ஒரு விஷயத்தை நான்கு நிமிடம் பேசுவார். பிறகு வேறு ஒருவரிடம் அதையே மூன்று நிமிடத்தில். பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் அலுப்பு வராது, நேரம் குறைவதால் வேகம் கூடும், தடுமாற்றம் குறையும். பாட்காஸ்ட்டை இங்கே எரிபொருளாக வைத்துக்கொள்ளலாம்: வீட்டில் கேட்ட எபிசோடின் விஷயத்தைப் பற்றித் தன் கருத்தைச் சொல்வது. சுருக்கம் சொல்லச் சொல்லாதீர்கள். சுருக்கம் பாடம் ஒப்பிப்பதாகிவிடும். "அவங்க சொன்னதுல உங்களுக்கு எது சரியாப் படலீங்க?" என்று கேளுங்கள். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான்கு நிமிடம் பெரிய கிணறு. அவர்களுக்கு நான் 2, ஒன்றரை, 1 என்று குறைத்துக்கொள்கிறேன்.

இனி, பாட்காஸ்ட்டில் கிடைக்காதவை. முதலாவது, புரியாதபோது என்ன செய்வது. உண்மையான பேச்சில் "என்ன சொன்னீங்க?", "எந்தத் தேதி?" என்று கேட்டுக்கொண்டேதான் இருப்போம். பாட்காஸ்ட்டில் அந்த இடங்களையெல்லாம் எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள், அல்லது இரண்டு பேரும் தேர்ந்தவர்கள் என்பதால் அப்படி ஒரு இடமே வராது. உங்கள் பிள்ளைகளுக்கு மிக அவசரமாக வேண்டியது அதுதான். "ஸாரி, விச் டேட்?", "டு யூ மீன் த லேப் டிப் ஆர் த பல்க்?" (பல்க் என்பது மொத்தச் சரக்கு) போன்றவற்றைத் தனியாகத்தான் பழக்க வேண்டும். வெறும் "பார்டன்?" போதாது. எது புரிந்தது, எந்த ஒரு துண்டு விட்டுப்போனது என்று காட்டிக் கேட்கப் பழக்குங்கள். எதிராளியும் முழுக் கதையை மறுபடி சொல்லாமல் அந்த ஒரு துண்டை மட்டும் தருவார்.

இரண்டாவது, மரியாதை. பாட்காஸ்ட் நடத்துபவர்கள் பெரும்பாலும் சம வயது நண்பர்கள். ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கே புகுவார்கள், கிண்டலடிப்பார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளோ பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று கேட்டு வளர்ந்தவர்கள். காங்கேயம், தாராபுரம் பக்கக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களிடம் இது இன்னும் அதிகம். பேச்சோடு பேச்சாக ஒட்டிவரும் அந்த "ங்க" இல்லாமல் பேசினால் திமிராக இருக்குமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. அதைச் சரிக்கட்ட வாக்கியத்துக்கு ஒரு "சார்" சேர்க்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று பையரே கேட்டுக்கொண்டபின் பெயரோடு "சார்" ஒட்டி அழைப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதனால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை, விட்டுவிடலாம். கெடுதல், அழைப்பில் தப்பான எண் ஓடும்போதும் குறுக்கே புகாமல் இருப்பதில் இருக்கிறது. "ஸாரி, கேன் ஐ ஜஸ்ட் செக் ஒன் திங்?" என்று பணிவாக உள்ளே நுழைவதை நண்பர்கள் அரட்டையிலிருந்து கற்க முடியாது. பேட்டி வகைப் பாட்காஸ்ட்களில், மூத்த விருந்தினரை இளைய நெறியாளர் மடக்கும் இடங்களில் இது நன்றாகக் கேட்கும். அந்த இடங்களைத் தேடி வெட்டிக் கொடுங்கள்.

எந்தப் பாட்காஸ்ட் என்ற கேள்வியை விட்டுவிடவில்லை. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் "6 மினிட் இங்கிலீஷ்" உங்களுக்குத் தெரிந்திருக்கும். தொடக்கத்தில் ஒரு கேள்வி, முடிவில் விடை, நடுவில் ஆறு சொற்கள், இரண்டு குரல்கள். எழுதி வைத்து வாசிப்பது என்பதால் உண்மைப் பேச்சின் தடுமாற்றம் இருக்காது. கேட்கப் பழகவும், பேசுவதற்கு விஷயம் கிடைக்கவும் நல்லது, எழுத்து வடிவமும் அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. உரையாடலின் உடலமைப்பைக் காட்ட "கியூலிப்ஸ்" என்ற கனடா நிகழ்ச்சியைப் பார்க்கலாம். அதில் நிதானமான பேச்சுக்கு ஒரு வரிசை, இயல்பான வேகத்துக்கு ஒரு வரிசை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். "ஆல் இயர்ஸ் இங்கிலீஷ்" அமெரிக்கப் பேச்சு, எதிராளியோடு ஒட்டிப் பேசுவதையே நோக்கமாக வைத்து நடத்துகிறார்கள். "லூக்ஸ் இங்கிலீஷ் பாட்காஸ்ட்" 2009 முதல் வருகிறது, நீளமான எபிசோடுகள், ஓரளவு தேறியவர்களுக்கு மட்டும். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் சுமார் 1500 சொற்களோடு, மெதுவான வாசிப்பில் தொடங்கிய வழியில் வந்த செய்திகள் இணையத்தில் குவிந்து கிடக்கின்றன. முதல் நிலைப் பிள்ளைகள் கேட்டுப் பழக அருமையானவை. ஆனால் செய்தி ஒற்றைக் குரலில் வாசிக்கப்படுவது, உரையாடல் பாடத்துக்கு அதில் எடுக்க ஒன்றுமில்லை.

பிரிட்டிஷா அமெரிக்கனா என்பதில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். திருப்பூர்ப் பையர்களில் ஜெர்மனிக்காரர், ஸ்பெயின்காரர், டச்சுக்காரர் என்று ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களே நிறைய. இரண்டையும் கலந்து போடுங்கள், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் பேசுபவர்கள் விருந்தினராக வரும் எபிசோடுகளையும் சேருங்கள். நிழல்போல் பின்தொடர்ந்து சொல்லும் ஷேடோயிங் பயிற்சி பற்றி யூடியூபில் பெரிய சத்தம் கேட்கிறது. ஜப்பானில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். தொடக்கநிலைக் கற்பவர்களுக்கு ஒலிகளைப் பிரித்துக் கேட்கும் திறன் கூடுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. அதனால் உரையாடலும் வந்துவிடும் என்று சொல்பவர்கள் ஒரு படி தாண்டிப் போகிறார்கள். அடுத்தவர் வாக்கியத்தை ஒட்டிச் சொல்வதில் யோசித்துப் பதில் கட்டும் வேலை கிடையாது. வகுப்புத் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் வாயைப் பழக்கிக்கொள்ளப் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். டவுன் பஸ்ஸில் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்பதில் என்ன லாபம் என்பதும் அப்படித்தான். ஏற்கெனவே ஒரு முறை கவனமாகக் கேட்டதை மறுபடி கேட்பதென்றால் பலன் இருக்கலாம். புது எபிசோடு என்றால் பெரும்பாலும் நேரம் போவதுதான் மிச்சம்.

ஒரு மாதம் கழித்து அவர்களையே பாட்காஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டுடியோ, மைக் எதுவும் வேண்டாம், இரண்டு பேர், ஒரு கைப்பேசி, மூன்று நிமிடம். விஷயம் அவர்கள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கட்டும். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விலை எப்படி முடிகிறது, பொள்ளாச்சித் தென்னை நாரில் என்னென்ன செய்கிறார்கள், துணிக்குச் செய்யும் காம்பாக்டிங் என்றால் என்ன என்று தொழில் தெரியாத ஆளுக்கு விளக்குவது. எழுதி வைத்துப் படிக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. எழுதினால் அது மாறுவேடப் போட்டியாகிவிடும். குறிப்புக்கு மூன்று சொல் மட்டும் அனுமதியுங்கள். வகுப்பில் பையன்கள் முன்னால் குரலே எழாத பெண்கள், வீட்டிலிருந்து தோழியோடு பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள். கைப்பேசி அப்பாவுடையதாக இருக்கலாம், அண்ணன் வந்தபிறகுதான் கிடைக்கலாம். அதனால் கெடுவை இரவு எட்டு மணி என்று வைக்காமல் இரண்டு நாள் கொடுங்கள்.

எத்தனை மாதம் என்ற கேள்விக்கு வருகிறேன். மொழித் திறனை அளக்கும் ஐரோப்பிய அளவுகோலில் அடிப்படை நிலையான ஏ2வை எட்ட ஏறத்தாழ 180 முதல் 200 மணி நேரமும், அதற்கு அடுத்த நிலையான பி1ஐ எட்ட மொத்தம் 350 முதல் 400 மணி நேரமும் வழிகாட்டப்பட்ட கற்றல் தேவை என்று கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்கிறது. உங்கள் பிள்ளைகள் இப்போது ஏ2 என்று வைத்துக்கொண்டால், பி1 நிலைக்கு இன்னும் 150லிருந்து 200 மணி நேரம். தினம் ஒரு மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் ஏழு முதல் ஒன்பது மாதம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றித் தொங்கும் "30 நாளில் சரளம்" போர்டுகளின் கணக்கில் மொத்தமே முப்பது மணி நேரம்தான் வருகிறது. ஒன்று மட்டும் உங்களுக்குச் சாதகம். உங்கள் பிள்ளைகளுக்குப் புரிதல் ஏற்கெனவே முன்னே போய்விட்டது, பேச்சுதான் பின்னால் நிற்கிறது. அப்படிப்பட்டவர்கள் பேசத் தொடங்கியதும் முதல் இரண்டு மூன்று மாதத்தில் வேகமாக ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். எல்லோரும் அப்படி ஏறுவார்கள் என்று உறுதி கொடுக்கமாட்டேன்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கட்டணம் கொடுப்பவர்கள் கேட்பார்கள். வகுப்பு முறையை மாற்றும் முதல் நாளில் ஒவ்வொரு ஜோடியின் பேச்சையும் இரண்டு நிமிடம் பதிவுசெய்து வையுங்கள், ஆறு வாரம் கழித்து அதே ஜோடியை அதே விஷயம் பேசவைத்து மறுபடி பதிவுசெய்யுங்கள். இலக்கணப் பிழைகளை எண்ணாதீர்கள். அதிகம் பேசத் தொடங்கும்போது பிழை முதலில் கூடத்தான் செய்யும். பேச்சு எத்தனை முறை கை மாறியது, எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு எத்தனை கேள்வி கேட்டார்கள், மூன்று நொடிக்கு மேல் எத்தனை இடத்தில் மௌனம் விழுந்தது என்ற மூன்றை மட்டும் எண்ணுங்கள். இந்தப் பதிவுகளை விளம்பரத்துக்குப் போடவோ முதலாளிகளுக்கு அனுப்பவோ வேண்டாம். பேசிய இருவரிடம் மட்டும் இரண்டையும் கொடுத்து, அவர்களையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.